எழுத்து ஏறாத பிள்ளைக்கு வீட்டில் என்ன செய்யலாம்: டிஸ்லெக்ஸியா பற்றி ஒரு சித்தி எழுதுவது

என் அக்கா மகன் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது தமிழ்ப் புத்தகத்தின் முதல் பாடத்தை மடமடவென்று வாசிப்பான். அக்காவுக்கு ஒரே பெருமை. ஒரு நாள் ராமேஸ்வரம் தீவில் இருக்கும் எங்கள் தங்கச்சிமடம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, சும்மா பக்கத்தின் நடுவில் இருந்த ஒரு வார்த்தையில் விரலை வைத்து "இது என்னடா?" என்றேன். முழித்தான். அப்புறம் உதடு மட்டும் அசைய, பாடத்தை முதல் வரியிலிருந்து மனதுக்குள் ஓட்டிக்கொண்டே வந்து, என் விரல் இருக்கும் இடம் வந்ததும் நிறுத்தி அந்த வார்த்தையைச் சொன்னான். பையன் வாசிக்கவே இல்லை. வகுப்பில் மற்ற பிள்ளைகள் கத்துவதைக் கேட்டு முழுப் பாடத்தையும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறான். யோசித்துப் பாருங்கள், இதற்கு எவ்வளவு புத்தி வேண்டும்!

உங்கள் வீட்டில் சந்தேகம் இருந்தால் இதைத்தான் முதலில் செய்து பாருங்கள். பழகாத ஒரு பக்கத்தை எடுங்கள், படத்தைக் கையால் மறைத்துவிடுங்கள், நடுவில் ஒரு வார்த்தையைக் காட்டுங்கள். திட்டாமல், சிரித்த முகத்தோடு.

இது என்ன, எதனால்

பேச்சு பிள்ளைக்குத் தானாக வரும். எழுத்து அப்படி இல்லை, மனிதன் எழுதக் கண்டுபிடித்து ஐயாயிரம் வருடம்தான் ஆகிறது, ஒவ்வொரு பிள்ளையின் மூளையும் அதைப் புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது. வார்த்தையைக் காதால் கேட்டு, அதைச் சின்னச் சின்ன ஒலிகளாகப் பிரித்து, ஒவ்வொரு ஒலியையும் ஒரு எழுத்தோடு முடிச்சுப் போட வேண்டும். டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைக்கு அந்த முடிச்சு இறுகாமல் நழுவிக்கொண்டே இருக்கும். கண் கோளாறு அல்ல, மந்த புத்தி அல்ல, சோம்பேறித்தனம் நிச்சயமாக அல்ல. 1896-ல் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர் இப்படி ஒரு 14 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். எல்லாப் பாடத்தையும் வாயால் மட்டும் நடத்தினால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்று அந்தப் பையனின் ஆசிரியரே சொன்னாராம். நூற்று முப்பது வருடம் ஆகிறது, நாம் இன்னும் "மக்கு" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

குடும்பத்தில் ஓடும் விஷயம் இது. நாங்கள் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது மச்சான் வலையைப் பொத்திக்கொண்டே, தலை நிமிராமல், "எனக்கும் இப்படித்தான். எழுத்தெல்லாம் நண்டு மாதிரி ஓடும். அஞ்சாவதோட நின்னுட்டேன்" என்றார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அக்காவிடம்கூடச் சொன்னதில்லை. ஜிபிஎஸ் பார்த்து ராத்திரியில் படகைக் கரை சேர்க்கிறவர், வாடைக்காற்று எப்போது திரும்பும் என்று வானத்தைப் பார்த்துச் சொல்கிறவர். அவரைப் பார்த்த பிறகு பையன் மேல் யாருக்கும் கோபம் வரவில்லை. அதனால் அப்பா, தாத்தா, மாமா, அத்தை யாருக்காவது படிப்பு வராமல் போனதா என்று விசாரியுங்கள். ஒரு நல்ல துப்பு அது.

எதைக் கவனிக்க வேண்டும்

பள்ளிக்குப் போகும் முன்பே சில பிள்ளைகளிடம் தெரியும்: பேச்சு தாமதமாக வந்திருக்கும், கிழமைப் பெயர்கள் வரிசையாக நிற்காது, ஒரே மாதிரி முடியும் சொற்களைக் கண்டுபிடிக்க வராது. ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகம் செய்யும். நேற்று வாசித்த அதே வார்த்தை இன்று புதிது. ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதும், புள்ளி இருக்காது, கரும்பலகையைப் பார்த்து எழுதுவதற்குள் மணி அடித்துவிடும். திங்கட்கிழமை காலையில் வயிறு வலிக்கும் (ஞாயிற்றுக்கிழமை வலிக்காது). பையன்கள் வகுப்பில் சேட்டை செய்து மாட்டிக்கொள்வார்கள். பெண் பிள்ளைகள் பேசாமல் பின்னால் உட்கார்ந்திருப்பதால் பல சமயம் யார் கண்ணிலும் படுவதில்லை.

எதை வைத்து முடிவு செய்யக்கூடாது என்பதையும் சொல்கிறேன். ல-ள-ழ குழப்பத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நம் பக்கத்தில் பெரியவர்களே "வாளப்பளம்" என்றுதான் சொல்கிறோம், பிள்ளை காதில் விழுந்ததைத்தானே எழுதும். ர-ற, ந-ன-ண எல்லாம் அதே கதை. ஆங்கிலத்தில் b-யையும் d-யையும் திருப்பி எழுதுவது ஆறு ஏழு வயது வரை நிறையப் பிள்ளைகள் செய்வதுதான். ஒரு அறிகுறியை மட்டும் பிடித்துக்கொண்டு பயப்பட வேண்டாம். மாதக்கணக்கில் சொல்லிக் கொடுத்தும் பல அறிகுறிகள் சேர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. தமிழில் எழுத்தைப் பார்த்தால் பெரும்பாலும் ஒலியைச் சொல்லிவிடலாம், ஆங்கிலம்போல எழுதுவது ஒன்று படிப்பது ஒன்று என்ற தொல்லை குறைவு. அதனால் சில பிள்ளைகள் தமிழைத் தப்பில்லாமல், ஆனால் ஆமை வேகத்தில் வாசிப்பார்கள். ஆங்கிலத்தில் மொத்தமாக விழுந்துவிடுவார்கள். "தமிழ் வாசிக்கிறானே, இங்கிலீஷ்ல மட்டும் கவனம் இல்லை" என்று விட்டுவிடாதீர்கள், அந்த மெதுவே ஒரு அறிகுறி.

தமிழுக்கென்று சில கண்ணிகளும் உண்டு. 'கெ' என்று எழுதும்போது ஒற்றைக்கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. 'கோ'வில் இரட்டைக்கொம்பு ஒரு பக்கம், துணைக்கால் மறுபக்கம். 'கௌ'வைப் பார்த்தால் 'கெள' மாதிரியே இருக்கும். துணைக்காலும் 'ர'வும் அண்ணன் தம்பி. கு, டு, மு, லு, று என்று உகரம் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒவ்வொரு உருவம். 'க' ஒன்றுதான், ஆனால் கடல், மகன், தங்கம் மூன்றிலும் மூன்று ஒலி. இது போதாதென்று பாட்டி சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய, தும்பிக்கை வைத்த 'லை'யை எழுதிக் காட்டுவார். பாட்டியிடம் பக்குவமாகச் சொல்லி, கதை சொல்லும் வேலையை மட்டும் அவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் பிள்ளைகள் காலையில் மதரஸாவில் வலமிருந்து இடமாக அரபி, அப்புறம் பள்ளியில் இடமிருந்து வலமாகத் தமிழும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். டிஸ்லெக்ஸியா இதனால் வருவதில்லை, அரபியை நிறுத்த வேண்டியதும் இல்லை. பிள்ளைக்குச் சிரமம் என்று தெரிந்தால் உஸ்தாதிடமும் சொல்லிவைத்து, புது எழுத்துகளை ஒரே வாரத்தில் மூன்று மொழியிலும் திணிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

முதலில் கண், காது

யாரிடம் போவதற்கு முன்பும் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். கடலில் முங்கி முங்கிக் குளிக்கும் பிள்ளைகள், காதில் சீழ் வடிந்தால்கூட யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கேட்பது மங்கினால் ஒலியைப் பிரிப்பது எப்படி? இரண்டும் சரியாக இருந்து, வீட்டில் இரண்டு மூன்று மாதம் ஒழுங்காக முயன்றும் நகரவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போகலாம். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். கீழே சொல்லும் எதுவும் டிஸ்லெக்ஸியா இல்லாத பிள்ளைக்கும் கெடுதல் செய்யாது.

வீட்டில்: முதலில் காது, அப்புறம்தான் கண்

நாங்கள் செய்த பெரிய தப்பு, எழுத வைத்தது. ஐம்பது தடவை இம்போசிஷன். டியூஷனில் பிரம்பு வேறு. ஓட்டைப் படகில் எவ்வளவு இறைத்தாலும் ஓட்டை ஓட்டைதான். ஒலி பிடிபடாத பிள்ளை ஐம்பது தடவை எழுதினால் கை வலிக்கும், அவ்வளவுதான்.

அதனால் முதல் சில வாரம் பென்சிலைத் தொடவே தொடாதீர்கள். மீன் பெயரை வைத்து விளையாடுங்கள். நெத்திலிக்கு எத்தனை தட்டு? நெத்-தி-லி, மூன்று கைதட்டல். கணவாய்? க-ண-வாய். இது வந்ததும் முதல் ஒலிக்குப் போங்கள்: "சீலா எந்தச் சத்தத்துல ஆரம்பிக்குது? அதே சத்தத்துல இன்னொரு மீன் சொல்லு." சூடை, சாளை என்று வரும். அப்புறம் மாற்றுகிற விளையாட்டு: வாளையில் 'வா'வை எடுத்துவிட்டு 'சா' போட்டால்? சாளை! கடைசியாகத்தான் கஷ்டமானது, ஒலியைப் பிய்த்து எடுப்பது: வலையில் 'வ்' போனால் அலை. வாடையில் 'வ்' போனால் ஆடை. கரையில் 'க்' போனால் அரை. என் அக்கா மகனுக்கு இந்த 'வலை-அலை' பிடிபட ஆறு வாரம் ஆனது. பிடிபட்ட அன்று ராத்திரி முழுக்கப் பார்க்கிற பொருளுக்கெல்லாம் தலையை வெட்டிக்கொண்டிருந்தான்.

இதை மீன் ஆய்ந்துகொண்டே செய்யலாம், பஸ்ஸில் செய்யலாம். தனி நேரம் ஒதுக்க வேண்டியதே இல்லை.

எழுத்துக்கு வரும்போது ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். எழுத்தின் பெயரைச் சொல்லாதீர்கள், ஒலியைச் சொல்லுங்கள். நாம் படித்த காலத்தில் "பானா, டானா, இம்மன்னா, சேர்த்துச் சொல்லு" என்பார்கள். பானாவையும் டானாவையும் இம்மன்னாவையும் எந்தப் பிள்ளை சேர்த்தால் 'படம்' வரும்? 'ப… ட… ம்' என்று ஒலியாகவே சொல்லி, இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கொண்டுவந்தால் வார்த்தை தானாக ஒட்டும்.

எழுதுவதற்கு நம்மிடம் இருக்கும் சிலேட்டு யாரிடமும் இல்லை. அலை வந்து போன ஈர மணலில், முழங்கை அசையும் அளவுக்குப் பெரிதாக, விரலால் எழுத வேண்டும், எழுதும்போதே அந்த ஒலியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கை, கண், காது, வாய் நான்கும் ஒரே நேரத்தில் வேலை செய்கிறது. டிஸ்லெக்ஸியா பிள்ளைகளுக்குப் பல புலன்களைச் சேர்த்து, படிப்படியாகச் சொல்லிக் கொடுக்கும் முறையை அமெரிக்காவில் 1930-களில் ஆர்ட்டன் என்ற மருத்துவரும் கில்லிங்ஹாம் என்ற ஆசிரியையும் உருவாக்கினார்கள், இன்றும் பல இடங்களில் அந்த வழியில் பயிற்சி கொடுக்கிறார்கள். திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி, சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுத வைத்ததும் கிட்டத்தட்ட இதுதானே என்று எனக்குத் தோன்றும், பிரம்பை மட்டும் கழித்துவிட்டால். கடற்கரை தூரம் என்றால் ஒரு தாம்பாளத்தில் உப்பையோ ரவையையோ பரப்பினால் போதும்.

அ-விலிருந்து வரிசையாக 247 எழுத்தையும் முடித்துவிட்டுத்தான் வார்த்தை என்று வைக்காதீர்கள், அதற்குள் பிள்ளை வெறுத்துவிடும். ப, ட, ம, க, ல என்று ஐந்தாறு எழுத்தும் புள்ளியும் போதும்: படம், மடம், பல், கல், கடல், கப்பல். அப்புறம் துணைக்கால். எங்களுக்கு முதல் துணைக்கால் வார்த்தை 'பாலம்', பாம்பன் பாலத்தைத் தினமும் பார்க்கிற பிள்ளைக்கு அது மறக்குமா? அடுத்து கி, கீ. கு, கூ-வை மட்டும் ஒவ்வொரு எழுத்தாகத் தனியே பழக்குங்கள். கொம்பு வகைகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், முதலில் ஒற்றைக்கொம்பு, அது உறுதியான பிறகு இரட்டை, இரண்டையும் ஒரே நாளில் காட்டாதீர்கள். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டினால் அருமையான எழுத்து அட்டை கிடைக்கும். வாரத்துக்கு மூன்று நான்கு புது அட்டை போதும், பழைய அட்டைகளைத் தினமும் கலந்து கேட்க வேண்டும். சலிக்கும், உங்களுக்குத்தான் முதலில் சலிக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு திரும்பத் திரும்ப வேண்டும், அதில் குறுக்கு வழி கிடையாது.

ஒரு நாளைக்கு இருபது நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார வைப்பதைவிடத் தினமும் இருபது நிமிடம் எவ்வளவோ மேல்.

வாசிக்கும்போது ஒரு அட்டையை வரிக்குக் கீழே பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், வரி தாவாது. நீங்களும் பிள்ளையும் ஒரே குரலில் சேர்ந்து வாசியுங்கள், அது தடுமாறினால் நாலைந்து நொடி பொறுத்துவிட்டு நீங்களே சொல்லிக் கடந்துபோங்கள். ஒவ்வொரு தப்புக்கும் நிறுத்தினால் கதை செத்துப்போகும். புத்தகம் அலுத்துவிட்டால் படகுத் துறைக்குக் கூட்டிப் போங்கள். ஒவ்வொரு படகிலும் பெரிய எழுத்தில், நல்ல இடைவெளியில், இரண்டே வார்த்தையில் பெயர் எழுதியிருக்கும், தொடக்க வாசகனுக்கு அதைவிட நல்ல புத்தகம் இல்லை.

எங்களுக்கு நன்றாகப் பலித்த இன்னொன்று: அப்பாவோடு கணவாய் பிடிக்கப் போன கதையை அவனைப் பேசவிட்டு போனில் பதிவு செய்தேன், அவன் சொன்னபடியே, "போனோம், அடிச்சோம்" என்று அவன் பேச்சிலேயே எழுதி மறுநாள் அவனிடம் கொடுத்தேன். தன் வார்த்தை என்பதால் பாதியை ஊகித்தே வாசித்தான், மீதியைப் பொறுமையாகக் கூட்டினான். பேச்சு வழக்கு எழுத்தில் வரலாமா என்று கேட்காதீர்கள். வீட்டில் பேசும் தமிழும் புத்தகத் தமிழும் இரண்டு மொழி மாதிரி இருப்பதே இந்தப் பிள்ளைக்கு ஒரு கூடுதல் சுமை, அதை ஒவ்வொரு படியாக ஏறட்டும். அதே சமயம் அவன் வாசிப்பு பின்தங்கியிருக்கிறது என்று அறிவும் பின்தங்கக் கூடாது, அதனால் அறிவியல், வரலாறு, கதை எல்லாவற்றையும் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். போனில் எழுத்தைப் பேச்சாக்கும் வசதி தமிழுக்கும் இருக்கிறது. கூகுளின் ரீட் அலாங் செயலி பிள்ளை தமிழில் வாசிப்பதைக் கேட்டுத் திருத்தும், அது திட்டாது என்பது அதன் பெரிய குணம்.

பள்ளியில்

முதலில் படித்த தனியார் பள்ளியில் "ஸ்பெஷல் ஸ்கூல்ல போடுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அக்கா பேருந்து நிறுத்தத்தில் நின்று அழுதாள். பிறகு அரசுப் பள்ளிக்கு மாற்றினோம். 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். உங்கள் பிள்ளை அரும்பில் இருந்தால் அவமானப்படாதீர்கள், அதன் நிலையிலிருந்து ஆரம்பிக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

ஆசிரியரிடம் சண்டைக்குப் போகாமல், ஒரு சாயங்காலம் தனியாகப் பார்த்துக் குறிப்பாகக் கேளுங்கள். திடீரென்று எழுப்பி எல்லோர் முன்னாலும் வாசிக்கச் சொல்ல வேண்டாம், வேண்டுமானால் எந்தப் பத்தி என்று முந்தின நாளே சொல்லட்டும். முன் பெஞ்சு. கரும்பலகையில் இருப்பதைப் பாதி மட்டும் எழுதினால் போதும். பதிலை வாயால் கேட்டுப் பார்க்கட்டும். அறிவியல் விடையில் எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம். விளையாட்டு நேரத்தைப் பிடுங்கி எழுத வைக்க வேண்டாம் (இதை நான் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன்). கல்வித்துறையின் வட்டார வள மையத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், தலைமையாசிரியர் வழியாக அவர்களைக் கேட்கலாம், காசு கிடையாது.

சான்றிதழ் விஷயம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்பதும் ஒன்று, டிஸ்லெக்ஸியா அதில்தான் வரும். பொதுவாக எட்டு வயதுக்கு மேல், மூன்றாம் வகுப்பு வாக்கில்தான் சோதித்துச் சான்று கொடுப்பார்கள். குழந்தை நல மருத்துவர் பார்ப்பார், உளவியல் நிபுணர் நுண்ணறிவுச் சோதனையும் வாசிப்பு, எழுத்து, கணக்குச் சோதனையும் தனித்தனியாகச் செய்வார். ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் கேட்டுத் தொடங்குங்கள். எங்களை மதுரைக்கு அனுப்பினார்கள், பாம்பன் பாலத்தில் ரயில் ஓடாமல் இருந்த காலம், பஸ்ஸிலேயே இரண்டு தடவை போய்வந்தோம். பள்ளி நோட்டுகளைக் கையோடு கொண்டுபோங்கள், பழைய நோட்டையும் சேர்த்து. சான்று இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுதும் ஆள், ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு போன்ற சலுகைகளைப் பள்ளி வழியாகக் கேட்டுப் பெறலாம். தேர்வு நெருங்கும்போது ஓடாமல் ஒன்பதாம் வகுப்பிலேயே காகிதங்களைத் தயார் செய்துவிடுங்கள். சென்னையில் 1991-லிருந்து இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கம் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் பயிற்சி கொடுக்கிறது, அவர்களிடமும் கேட்கலாம்.

"நல்லபடியா படிக்க வைக்கிறோம்" என்று மருந்தோ, கலர்க் கண்ணாடியோ விற்க வருகிறவர்களிடம் காசைக் கொடுத்துவிடாதீர்கள். டிஸ்லெக்ஸியாவுக்கு மாத்திரை கிடையாது. வல்லாரைத் துவையல் நாங்களும் ஆறு மாதம் கொடுத்தோம், துவையலாக நன்றாகத்தான் இருந்தது. மந்திரித்துக் கயிறு கட்டினோம், அக்காவுக்கு அது ஆறுதல், கட்டட்டும், ஆனால் இருபது நிமிடப் பயிற்சியைக் கயிறு செய்யாது. அப்புறம் இந்த "ஐன்ஸ்டைனுக்கும் டிஸ்லெக்ஸியாதான்" போஸ்டர்கள்! ஐன்ஸ்டைனை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. பிள்ளை விஞ்ஞானி ஆக வேண்டும் என்று இன்னொரு பாரத்தை ஏற்றாதீர்கள், மருந்துச் சீட்டும் பஸ் போர்டும் திக்காமல் வாசித்தால் முதலில் அது போதும்.

விசைப்படகுக்காரர் வீடு என்றால் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் மீன்பிடித் தடைக்காலம், பள்ளிக்கும் பெரும்பாலும் விடுமுறை. அப்பாவும் பிள்ளையும் இத்தனை நாள் சேர்ந்தாற்போல வீட்டில் இருப்பது வருடத்தில் வேறு எப்போதும் கிடையாது. அப்பாவுக்கு வாசிக்க வராவிட்டாலும் பரவாயில்லை, ஒலி விளையாட்டுக்கு எழுத்து தேவையில்லை, மீன் பெயரும் காற்றுப் பெயரும் நம்மைவிட அவருக்குத்தான் நிறையத் தெரியும். மச்சான் முதல் வாரம் வெட்கப்பட்டார். மூன்றாவது வாரம் பையன் பார்க்காத நேரத்தில் அட்டைக் கட்டை எடுத்து அவரே ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். அதனால் அட்டை வெட்டும்போது இரண்டு கட்டாக வெட்டி வையுங்கள்.